ஓடுபாதையில் எழுதியிருப்பது

மட்டக்களப்பு விமான நிலையத்தில் இருப்பது ஒரே ஓடுபாதை. அதற்குப் பெயர் இரண்டு. கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே, வாவி சூழ்ந்த திமிலதீவில் கிடக்கும் அந்தத் தார்ப்பட்டைக்குத் தென்மேற்கு முனையில் 06, வடகிழக்கு முனையில் 24. ஆறாவது ஓடுபாதை என்றால் மற்ற ஐந்தும் எங்கே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது வரிசை எண் இல்லை, திசை. அந்த முனையிலிருந்து ஓடத் தொடங்கும் விமானத்தின் காந்த ஊசி ஏறத்தாழ 60 பாகையைக் காட்டும். கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட்டு, மிஞ்சுவது ஓரிலக்கமானால் முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்து, 06 என்று எழுதுகிறார்கள். மறுமுனையிலிருந்து பார்த்தால் அதே பட்டை 240 பாகை, ஆகவே 24. எந்த நாட்டு ஓடுபாதையை எடுத்தாலும் இரு முனை எண்களுக்கும் வித்தியாசம் 18 தான்.

திசையை எண்ணாகச் சொல்வது நமக்குப் புதிதல்ல. கல்முனையில் நின்று கஃபாவை நோக்கினால் உண்மை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 294 பாகை. பள்ளிவாசல்களில் தொழுகை வரிசையைக் காட்டும் சஃபுக் கோடுகள் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குச் செங்குத்தாகப் போட்டவை. அந்தத் திசையில் ஓர் ஓடுபாதை இருந்தால் அதன் எண் என்னவாகும் என்று ஒருநாள் கணக்குப் பார்த்தேன். வரைபடத்து வடக்கை வைத்தால் 29. ஆனால் விமானிகள் காந்த வடக்கை வைத்தே எண்ணிடுகிறார்கள். நம் பக்கத்தில் ஊசி ஓரிரு பாகை மேற்கே சாய்கிறது, அதையும் கூட்டினால் 29க்கும் 30க்கும் நடு வரம்பில் வந்து நிற்கிறது. இப்படி வரம்பில் நிற்கும் ஓடுபாதைகளுக்கு உலகில் ஒரு தொல்லை உண்டு. பூமியின் காந்த வடக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. அது நகர நகர, தரையில் எழுதிய எண் பொய்யாகிறது. லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட்டில் 2009ஆம் ஆண்டிலும் ஜெனீவாவில் 2018ஆம் ஆண்டிலும் 05/23 என்றிருந்ததை அழித்து 04/22 என்று எழுதினார்கள். தார் ஓர் அங்குலமும் அசையவில்லை. பெயர் மட்டும் மாறியது.

இலங்கையின் ஓடுபாதை எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். கட்டுநாயக்காவும் இரத்மலானையும் 04/22. பலாலியும் மத்தளையும் 05/23. மட்டக்களப்பும் திருகோணமலை சீனன்குடாவும் 06/24. எல்லாமே தென்மேற்குக்கும் வடகிழக்குக்கும் இடையே கிடக்கின்றன. விமானம் எதிர்காற்றில் ஏறவும் எதிர்காற்றில் இறங்கவும் விரும்பும். நமக்கு ஆண்டில் பாதிக்குக் கச்சான், மீதிக்கு வாடை. குறுக்குக் காற்றின் தொல்லையில்லாமல் 95 வீத நேரமாவது பயன்படுகிறமாதிரி ஓடுபாதையைக் கிடத்த வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. அந்தக் கணக்குக்கு இரண்டு பருவக்காற்றுகளும் சொன்ன விடைதான் இந்த எண்கள். ஒலுவிலிலோ சாய்ந்தமருதிலோ தோணி இறக்கும் ஒருவரிடம் காற்றின் திசையைக் கேட்டு எழுதியிருந்தாலும் ஏறக்குறைய இதே எண்கள்தான் வந்திருக்கும்.

ஒரே திசையில் இரண்டு மூன்று ஓடுபாதைகள் கிடந்தால் எண்ணோடு ஓர் எழுத்தும் சேரும். இடப்பக்கத்துக்கு எல், வலப்பக்கத்துக்கு ஆர், நடுவுக்கு சி. நம் ஹாஜிகள் இறங்கும் ஜித்தாவில் 16 என்ற எண்ணில் இந்த மூன்றும் உண்டு. டோஹாவில் 16 எல், 16 ஆர். துபாயில் 12 எல், 12 ஆர். சென்னையில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தாலும் திசை வேறு என்பதால், 07/25 என்றும் 12/30 என்றும், எழுத்தே தேவைப்படவில்லை. இந்த ஓர் எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்பத்து மூன்று உயிர்களின் கதை அதில் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

இனி நிறம். விமானம் ஓடி ஏறுகிற, இறங்கி ஓடுகிற பாதையில் உள்ள கோடுகள் வெள்ளை. அந்தப் பாதைக்குப் போய்வரும் டாக்சிவேயிலும் விமானத் தரிப்பிடத்திலும் உள்ள கோடுகள் மஞ்சள். விமானத்தைச் சுற்றி வண்டிகளும் ஆட்களும் மீறக்கூடாத எல்லைகள் பெரும்பாலும் சிவப்பு. ஒரு விமானிக்கு வேறு எதுவும் நினைவில் இல்லாவிட்டாலும், சில்லுக்குக் கீழே மஞ்சள் கிடந்தால் நான் இன்னும் போகும் வழியில்தான் இருக்கிறேன், வெள்ளை கிடந்தால் இன்னொரு விமானம் மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்தில் வரக்கூடிய இடத்தில் நிற்கிறேன் என்பது தெரியவேண்டும்.

மேலிருந்து இறங்கி வருபவருக்கு முதலில் கண்ணில் படுவது ஓடுபாதையின் வாசல். பியானோக் கட்டைகள் போல நீளவாக்கில் அடுக்கிய வெள்ளைப் பட்டைகள். ஒவ்வொன்றும் குறைந்தது 30 மீற்றர் நீளம். அவற்றின் எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. 30 மீற்றர் அகல ஓடுபாதைக்கு 8, 45 மீற்றருக்கு 12, 60 மீற்றருக்கு 16. அகலத்தைத் தப்பாக மதித்தால் உயரத்தையும் தப்பாக மதிப்பது கண்ணின் இயல்பு. அகன்ற ஓடுபாதைக்குப் பழகியவர் ஒடுங்கிய ஒன்றைப் பார்த்தால், தான் இன்னும் உயரத்தில் இருப்பதாக எண்ணித் தாழப் பறந்துவிடுவார். கட்டுநாயக்காவில் பழகிய கண் மட்டக்களப்புக்கு வரும்போது வாசற் பட்டைகள்தான் அந்த மயக்கத்தைத் திருத்த வேண்டும்.

பட்டைகளை அடுத்து எண். அதன் உயரம் குறைந்தது 9 மீற்றர், ஒரு சிறு தென்னை மரத்தின் நீளம். இவ்வளவு பெரிதாக எதற்கு என்றால், இறங்கும் விமானம் தரையோடு 3 பாகைச் சரிவில்தான் வருகிறது. அந்தச் சரிவில் 9 மீற்றர் நீள எழுத்து, நிமிர்த்தி வைத்த அரை மீற்றர் எழுத்தாகச் சுருங்கித் தெரியும். பாடசாலைகளுக்கு முன்னால் வீதியில் எழுதும் எழுத்துக்களை இழுத்து நீட்டி எழுதுவதும் இதற்காகத்தான்.

எண்ணைத் தாண்டினால் நடுக்கோடு. கோடும் இடைவெளியுமாகச் சேர்ந்து 50 மீற்றருக்குக் குறையாமல் 75 மீற்றருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். மணிக்கு 250 கிலோமீற்றர் என்றால் நொடிக்கு 69 மீற்றர். அப்படியானால் ஒரு கோடும் ஓர் இடைவெளியும் ஏறத்தாழ ஒரு நொடியில் சில்லுக்குக் கீழே ஓடிவிடுகின்றன. அந்தத் துடிப்பிலிருந்தே விமானியின் கண் வேகத்தை உணர்கிறது. வாசலிலிருந்து சற்று உள்ளே நடுக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு தடித்த வெள்ளைக் கட்டங்கள் தெரியும். இறங்குபவர் கண்ணை வைக்க வேண்டிய இடம் அது. இறங்கக் கிடைக்கும் நீளம் 2,400 மீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் அந்தக் கட்டங்கள் 400 மீற்றர் உள்ளே தொடங்கும். 1,200க்கும் 2,400க்கும் இடையில் என்றால் 300 மீற்றர். கட்டுநாயக்கா முதல் வகை, மட்டக்களப்பு இரண்டாவது வகை. அவற்றைச் சுற்றி 150 மீற்றருக்கு ஒரு சோடியாகச் சிறு பட்டைகள், சில்லு தரை தொடவேண்டிய பகுதியை அளந்து காட்டுகின்றன. அமெரிக்க முறையில் இவை மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைந்துகொண்டே போகும். ஒற்றைப் பட்டைகளையும் தாண்டி சில்லு இன்னும் தரை தொடவில்லையென்றால் பாதை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். திரும்ப ஏறுவதே மேல்.

சில ஓடுபாதைகளில் வாசல் முனையில் இல்லாமல் உள்ளே தள்ளிப் போடப்பட்டிருக்கும், முன்னால் மரமோ கட்டடமோ இருப்பதால். முனைக்கும் அந்த வாசலுக்கும் இடையே வெள்ளை அம்புக்குறிகள் கிடந்தால் அங்கே ஓடலாம், ஏறலாம், இறங்கத்தான் கூடாது. அம்புக்குப் பதில் மஞ்சளில் கூரை போன்ற முறிகோடுகள் இருந்தால் அந்தத் தரை எதற்கும் ஆகாது. பெரிய எக்ஸ் குறி கிடந்தால் மூடியாயிற்று. ஓடுபாதையில் வெள்ளை எக்ஸ், டாக்சிவேயில் மஞ்சள் எக்ஸ்.

இவை எல்லாவற்றிலும் மேலானதாக நான் மதிக்கும் கோடு ஒன்று உண்டு. டாக்சிவே ஓடுபாதையைத் தொடுமுன், பாதையின் குறுக்கே, மஞ்சளில் நான்கு கோடுகள். இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டு விட்டுப் போட்ட கோடு. விமானம் நிற்கும் பக்கம் முழுக்கோடு இருந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அனுமதி வராமல் மூக்கு அதைத் தாண்டக்கூடாது. ஓடுபாதையிலிருந்து வெளியே வருபவருக்கு விட்டு விட்டுப் போட்ட கோடுகள் முதலில் வரும். அவர் நிற்காமல் தாண்டிப் போக வேண்டும். ஒரே குறி, வரும் பக்கத்துக்கு ஏற்ப இரண்டு கட்டளைகளைச் சொல்கிறது. ஒரு சொல்லும் எழுதாமல், எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்படி இதை வரைந்தவர்களின் அறிவை நான் வியக்கிறேன். கிழித்த கோட்டைத் தாண்டாதவர் என்று நம் ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது பாதிப் புகழ், பாதிக் குறை. விமானிக்கோ அது முழுப் புகழ். இந்தக் கோட்டுக்குப் பின்னால் ஏணியைக் கிடத்தியது போன்ற இன்னொரு குறியும் சில இடங்களில் உண்டு. மேகமூட்டத்தில் இறங்குபவருக்கு வழிகாட்டும் ரேடியோ அலையை, நிற்கும் விமானத்தின் உடல் குழப்பிவிடாதிருக்க, அந்த நாட்களில் ஏணியிலேயே நின்றுவிட வேண்டும். கோட்டை நெருங்கும் கடைசி 45 மீற்றர் அளவில் மஞ்சள் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சிறு துண்டுக் கோடுகள் சேர்ப்பது பிற்பாடு வந்த வழக்கம். விமானி தலை குனிந்து காகிதம் பார்த்துக்கொண்டிருந்தாலும் தரை மாறுகிறது என்று ஓரக்கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக.

இந்தக் குறிகள் எல்லா நாட்டுக்கும் பொதுவானது தற்செயலாக அல்ல. முன்பு புல்வெளியில் வெள்ளைத் துணியால் டி எழுத்தைக் கிடத்தி, இறங்க வேண்டிய திசையைக் காட்டினார்கள். 1944 டிசெம்பர் 7 அன்று சிக்காகோவில் கையெழுத்தான உடன்படிக்கையிலிருந்து சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பிறந்தது. சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே, 1948இல், இலங்கையும் அதில் சேர்ந்தது. விமான நிலையங்களுக்கான விதிகள், இணைப்பு 14 என்ற பெயரில், 1951இல் வந்தன. கல்முனைப் பிள்ளை ஒருவர் எந்த நாட்டில் விமானம் ஓட்டப் படித்தாலும் மட்டக்களப்பில் இறங்கலாம் என்ற நிலைமைக்கு அந்த ஆவணமே அடிப்படை. அமெரிக்காவில் 09 என்று எழுதாமல் 9 என்று எழுதுவது போன்ற சிறு பேதங்கள் உண்டு. அவை ஆளைக் கொல்வதில்லை.

எது கொல்கிறது என்பதற்கு வருகிறேன். இந்தக் குறிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, ஆபத்து என்றால் குறி தெரியாத விமானி என்றுதான் நினைத்திருந்தேன். விபத்து விசாரணைகளை வாசிக்க வாசிக்க அந்த எண்ணம் மாறியது. குறி தெரிந்தவர்களைத்தான் குறி ஏமாற்றியிருக்கிறது: தரை ஒன்றாகவும் அதன் மேல் எழுதியிருப்பது இன்னொன்றாகவும் இருந்த இடங்களில்.

எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் பல ஆண்டுகளுக்கு முன் தொழுகைத் திசையான கிப்லாவை மறுபடி அளந்து, சஃபுக் கோடுகளைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டார்கள். தரை ஓட்டில் பழைய கோடு அப்படியே இருந்தது. மேலே புதுக்கோடு வேறு நிறத்தில். பிந்தி வந்து அவசரமாகத் தக்பீர் கட்டுபவர்கள் பாதிப் பேர் பழையதில் நின்றார்கள். புதிதில் நின்றவர்களின் தோளும் இவர்களின் தோளும் இடித்துக்கொண்டன. அறியாமையால் அல்ல, காலுக்குக் கீழே ஒரு கோடு தெளிவாக இருந்ததால். பிறகு விரிப்பு ஒன்றை வாங்கிப் பழையதை மூடிய அன்றுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

2000 ஒக்டோபர் 31, தாய்பேயின் சியாங் காய்-ஷேக் விமான நிலையம். புயல் மழை. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் எஸ்கியூ 006, 179 பேருடன் போயிங் 747. ஏற வேண்டியது 05 எல். அதற்குப் பக்கத்திலேயே 05 ஆர். அதைத் திருத்த வேலைக்காகப் பாதியில் மூடி, மீதியை டாக்சிவேயாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதன் வாசற் பட்டைகளும் எண்ணும் எழுத்தும் ஓடுபாதையாக இருந்த காலத்தில் எழுதியபடியே கிடந்தன. 05 எல்லுக்குப் போகும் மஞ்சள் நடுக்கோடு 05 ஆரின் வாசற் பட்டைகளுக்கு 12 மீற்றர் முன்னால் நின்று, 12 மீற்றர் தாண்டி மறுபடி தொடங்கியதை விசாரணை சுட்டிக்காட்டியது. பச்சை விளக்குகள் 05 ஆரின் பக்கம் பளிச்சென்று வளைந்தன. 05 எல் பக்கம் அவை ஐதாகக் கிடந்தன. விமானம் வளைந்து 05 ஆரில் ஏறி, வேகம் பிடித்து, வேலைத்தளத்து இயந்திரங்களில் மோதியது. 83 பேர் இறந்தார்கள். தரையில் ஆர் என்று எழுதியிருந்தது உண்மை. விமானிகள் அதைச் சரிபார்க்கவில்லை என்பதும் உண்மை. விசாரணை அதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டும் 05 என்பதால் காந்த ஊசி இரண்டிலும் ஒன்றையே காட்டும். ஊசி எச்சரிக்க வழியில்லாத அந்த இரவில், பிழையைச் சொல்லக்கூடியதாகத் தரையில் மிஞ்சியிருந்தது மழைநீர் ஓடிய பூச்சில் ஓர் ஆங்கில எழுத்து.

இதற்கு நேர்மாறான இன்னொன்று. 2006 ஓகஸ்ட் 27, அமெரிக்காவின் லெக்சிங்டன். ஓடுபாதை 22இல் ஏற வேண்டிய கொம்எயார் விமானம் விடியுமுன் இருட்டில் 26இல் ஏற முயன்றது. 22இன் நீளம் 2,100 மீற்றருக்கு மேல். 26 அதில் பாதிதான். 50 பேரில் 49 பேர் இறந்தனர். இங்கே ஊசி 40 பாகை பிழை காட்டிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. அதோடு, விபத்துக்கு ஒரு வாரம் முன்புதான் அங்கு டாக்சிவே வழியை மாற்றியிருந்தார்கள். விமானிகளின் கையிலிருந்த வரைபடம் பழையதைக் காட்டியது. ஊசியைப் பார்க்காததை அவர்களின் தவறு என்று சொல்வது எளிது, சரியும்கூட. ஆனால் காகிதமும் தரையும் ஒத்துப்போகாத இடத்தில் ஒருவரை இருட்டில் விட்டது யார் என்ற கேள்வியும் அதே அளவு பெரியது.

மிலானின் லினாத்தே விமான நிலையம் 2001 ஒக்டோபர் 8இல் கண்டது இதைவிடக் கொடியது. அடர்ந்த மூடுபனி. ஒரு சிறு செஸ்னா விமானம் ஆர்5 வழியில் போக வேண்டியது, ஆர்6இல் திரும்பியது. அதன் விமானி எஸ்4ஐ நெருங்குகிறேன் என்று கோபுரத்துக்குச் சரியாகவே சொன்னார். தரையில் எஸ்4 என்று எழுதித்தான் இருந்தது. ஆனால் அந்தக் குறி எந்த வரைபடத்திலும் இல்லை, கட்டுப்பாட்டாளருக்கு அது எங்கே என்றே தெரியாது. தரை ராடார் வேலை செய்யவில்லை. செஸ்னா ஓடுபாதைக்குள் நுழைந்தபோது எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் ஜெட் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. 118 பேர். விமானி தரையை வாசித்தார், வாசித்ததைச் சொன்னார், கேட்டவருக்கு அந்த எழுத்து தெரியவில்லை. இதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2017 ஜூலை 7இல் சான் பிரான்சிஸ்கோவில் எயார் கனடா விமானம் ஒன்று டாக்சிவேயை ஓடுபாதை என்று எண்ணி, நான்கு விமானங்கள் வரிசையில் நிற்க, அவற்றின் மேல், தரையிலிருந்து ஏறத்தாழ 18 மீற்றர் வரை தாழ்ந்து, கடைசி நொடியில் எழும்பிப் போனது. பக்கத்து ஓடுபாதையை மூடி விளக்கை அணைத்திருந்தார்கள். இரண்டு ஒளி வரிசைகளை எதிர்பார்த்த கண் இரண்டைத் தேடி எடுத்துக்கொண்டது. 2024 ஜனவரி 2இல் தோக்கியோ ஹனேதாவில் கடலோரக் காவல் படை விமானம் ஒன்று நிற்கும் கோட்டைத் தாண்டி ஓடுபாதையில் போய் நின்றது. அதில் ஐவர் இறந்தனர். மோதிய ஜப்பான் எயார்லைன்ஸ் விமானத்திலிருந்த 379 பேரும் உயிர் தப்பினர். அங்கே பூச்சு பொய் சொல்லவில்லை, பேச்சுத்தான் தவறாக விளங்கப்பட்டது.

இவ்வளவு நடந்த பிறகும் பூச்சையே நம்ப வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நிற்கும் கோட்டில் தரையில் பதித்த சிவப்பு விளக்கு வரிசை, தரை ராடார், விமானியின் முன்னால் திரையில் நகரும் வரைபடம், எந்த ஓடுபாதையை நெருங்குகிறோம் என்று குரலில் சொல்லும் கருவி எல்லாம் வந்துவிட்டன. வரவேண்டியவைதான். இரவில் மழைத்தண்ணீர் மூடிய தரையில் பூச்சு மறைந்துபோகும்; அதில் கலந்திருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள் விமானத்தின் விளக்கொளியைத் திருப்பி அனுப்புவதால்தான் அது இரவில் மின்னுகிறது, மணிகளின் மேல் தண்ணீர்ப் படலம் ஏறினால் அந்த ஒளி திரும்புவதில்லை. மார்கழி மழையில் மட்டக்களப்பில் இறங்குபவருக்கு இது ஏட்டறிவு அல்ல. ஆனாலும், மின்சாரம் போனால் நிற்காததும், பற்றரி தீராததும், மென்பொருளைப் புதுப்பிக்க மறந்தாலும் மாறாததும் பூச்சுத்தான். ஹனேதாவில் அன்று சிவப்பு விளக்கு வரிசை திருத்த வேலைக்காக இயங்காமல் இருந்தது. மற்றவை தவறும்போது கடைசியாக மிஞ்சுவதை மலிவானது என்று ஒதுக்கக்கூடாது. பெரிய கருவிகளுக்குப் பணமில்லாத சிறு நிலையங்களில் முதலும் கடைசியும் அதுதான்.

அதனால் என் கவலை எல்லாம் பராமரிப்பில் போய் நிற்கிறது. இறங்கும் ஒவ்வொரு விமானமும் சில்லின் றப்பரைத் தரையில் தேய்த்துவிட்டுப் போகிறது. மிக வேண்டிய வெள்ளைக் குறிகள் இருக்கும் இடத்திலேயே கறுப்புப் படிகிறது. நம் கரையோர வெயிலும் உப்புக் காற்றும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. தடித்த பூச்சு ஈரத்தில் வழுக்கும். மோட்டார்சைக்கிளில் கல்முனைச் சந்திக்கு அருகே மழை நாளில் பாதசாரிக் கடவையில் பிரேக் பிடித்தவர்களுக்கு அது தெரியும். ஆகவே மேலே மேலே பூசிக்கொண்டே போகவும் முடியாது. எல்லாவற்றிலும் கடினம், அழிப்பது. பழைய கோட்டின் மேல் கறுப்புப் பூச்சு அடித்தால் சில மாதங்களில் கறுப்பு உரிந்து உள்ளே இருந்தது எட்டிப் பார்க்கும். சாய்ந்த வெயிலில் கறுப்பே பளபளத்துக் கோடு போலத் தெரியும். நம் வீதிகளில் மஞ்சளாக இருந்த கடவைகளை வெள்ளையாக்கியபோது, தேய்ந்த வெள்ளைக்குக் கீழே பழைய மஞ்சள் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். உயர் அழுத்தத் தண்ணீரால் பீய்ச்சிச் சுரண்டுவதே நல்ல வழி. செலவானது, மெதுவானது, யாருக்கும் புதிதாக ஒன்றைக் காட்டாதது. புதுக்கோடு போட்டால் திறப்பு விழா வைக்கலாம். பழைய கோட்டை அழித்ததற்கு யாரும் நாடா வெட்டுவதில்லை. அழிக்காமல் விட்ட பழைய கோடு, போடாமல் விட்ட புதுக்கோட்டைவிட ஆபத்தானது என்பதுதான் மேலே சொன்ன விசாரணைகளிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. கோடு இல்லாத இடத்தில் மனிதர் தயங்குவார், கேட்பார். கோடு இருக்கும் இடத்தில் தயங்குவதில்லை.

2017இல் கட்டுநாயக்கா ஓடுபாதைக்கு மேற்படை போட்டதை நம் ஊர்ப் பயணிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஜனவரி 6 முதல் ஏப்ரல் 6 வரை, காலை 8.30 முதல் மாலை 4.30 வரை ஒவ்வொரு நாளும் மூடினார்கள். விமான நேரங்கள் மாறி, கல்முனையிலிருந்து இரவு பஸ் ஏறுபவர்களின் கணக்கெல்லாம் குழம்பியது. மாலையில் ஓடுபாதையைத் திருப்பித் தருவது என்றால் ரோலரை ஓரம் கட்டுவதோடு முடிவதில்லை. அன்றைய புதுத் தாரில் நடுக்கோடு வரைந்து முடித்திருக்க வேண்டும். வாசலைத் தற்காலிகமாக நகர்த்தியிருந்தால் அந்த இடத்தைக் குறுக்கே குறைந்தது 1.8 மீற்றர் அகலப் பட்டையால் காட்ட வேண்டும் என்று இணைப்பு 14 சொல்கிறது. கூடவே, மாற்றம் ஒவ்வொன்றையும் விமானிகளுக்கான அறிவித்தலாக உலகம் முழுவதும் அனுப்ப வேண்டும். பெயின்ட் வாளியோடு நிற்பவரும் அறிவித்தல் தட்டச்சு செய்பவரும் ஒரே நாளில் ஒரே உண்மையைச் சொல்ல வேண்டும். லினாத்தேயில் தவறியது இந்த இடம்.

விமானப்படையின் தளமாக இருந்த மட்டக்களப்பு 2018இல் சிவில் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் ஏடிஆர் விமானம் பறக்கத் தொடங்கியது. இப்படிக் கைமாறிய தளங்களில், பழைய காலத்துக் குறிகளும் புதிய காலத்துக் குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று வராமல் காப்பது தனி வேலை. பக்கத்தில் டாக்சிவே இல்லாத சிறு தளங்களில் விமானம் ஓடுபாதையிலேயே பின்னோக்கிப் போய், முனையில் வட்டமடித்துத் திரும்பும். அங்கே நடுக்கோட்டிலிருந்து பிரிந்து வளைந்து மறுபடி சேரும் மஞ்சள் கோடுதான் விமானியின் ஒரே துணை. அது ஒரு மீற்றர் பிசகினால் சில்லு மணலில் இறங்கிவிடும்.

விமானி ஆக வேண்டும் என்று என்னிடம் சொல்லும் பிள்ளைகளுக்கு நான் ஒரு பயிற்சி சொல்வேன். ஒரு விமான நிலையத்தின் அச்சிட்ட வரைபடத்தையும் அதே இடத்தின் செய்மதிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாசற் பட்டைகளை எண்ணி அகலத்தைச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்துக் காற்றைச் சொல்லுங்கள். தரிப்பிடத்திலிருந்து ஓடுபாதை வரை விரலால் மஞ்சள் கோட்டைத் தொடருங்கள். எங்கே விரல் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டு படங்களும் ஒத்துப்போகாத இடம் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதைக் குறித்து வையுங்கள்.

மற்றவர்களுக்கு, அடுத்த முறை உம்றாவுக்கோ வேலைக்கோ போகும்போது சன்னலோர இருக்கை கிடைத்தால் கீழே பாருங்கள். ஏறுவதற்கு முன் விமானம் ஓரிடத்தில் தயங்கி நிற்கும். சிலர் வாட்சைப் பார்ப்பார்கள். மூக்குக்கு முன்னால் மஞ்சளில் இரண்டு முழுக்கோடு கிடக்கிறது. உள்ளே விமானிகள் தரையில் எழுதிய எண்ணையும் காகிதத்தையும் ஊசியையும் ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி வந்து இறங்கும் நாளில் அதே கோடுகள் தலைகீழாக வரும், முதலில் விட்டு விட்டுப் போட்டவை, பிறகு முழுக்கோடுகள். வால் நுனியும் அந்த முழுக்கோடுகளைத் தாண்டிய பிறகுதான் பின்னால் ஓடுபாதை காலி என்று பொருள். அதுவரை மேலே வானத்தில் இன்னொரு விமானம் அந்த இடத்துக்காகக் காத்திருக்கும்.